எடையின்மைக்கு இரண்டு விளக்கங்கள்

டீச்சர்,

இன்று காலை வலங்கைமான் கடைத்தெருவில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க நின்றேன். மிஷினிலிருந்து வந்த தாளைக் கடைக்காரர் சூடு ஆறும் முன்னே கையில் கொடுத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நகரத் தோன்றாமல் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர், "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் படியிறங்கினேன்.

நம் புத்தகத்தின் வாசனை அது. புத்தகம் என்று நாம் இருவர்தான் சொல்லிக்கொண்டோம். நாற்பது பக்க ஜெராக்ஸ், ஓரத்தில் இரண்டு பின். மேல் தாளில் உங்கள் கையெழுத்தில், 'இயற்பியல், வானியல் சொற்கள் – மாணவர்களுக்கு'.

குடவாசல் பக்கத்து நம் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் இயற்பியல் ஆசிரியராக வந்தபோது, நான் அங்கே ஆறு வருடமாகத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே ஊர், ஒரே பஸ். முதல் வாரத்திலேயே ஒருநாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டீர்கள்: "டீச்சர், நிலைமம்னா என்ன?"

என்னைச் சோதிக்கிறீர்கள் என்று நினைத்தேன். "இருக்கிற நிலையிலேயே இருக்கும் தன்மை" என்றேன்.

"அது நமக்குப் புரியுது. பின் பெஞ்சுல உக்காந்திருக்கற பொண்ணுக்குப் புரியுமா?"

அந்த நேரம் பார்த்து குறுக்கே ஆடு புகுந்து டிரைவர் பிரேக் போட்டார். நின்றிருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தோம். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "இதான் டீச்சர். பஸ் நின்னுடுச்சு, நம்ம உடம்பு இன்னும் போயிட்டே இருக்கு. இதை உங்க தமிழ்ல எழுதிக் குடுங்க."

அப்படித் தொடங்கியது. மதிய இடைவேளையில் நாளுக்கு ஒரு சொல். நிறையும் எடையும் ஒன்றுதானே என்று நான் கேட்டதற்கு, "ஒரு மூட்டை நெல்லை நிலாவுக்குக் கொண்டுபோனா ஒரு மணி நெல்லுகூடக் குறையாது. அது நிறை. தூக்கறது மட்டும் சுலபமா இருக்கும். அது எடை" என்றீர்கள். ஒளியாண்டு என்றால் காலம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். "குடவாசல் எவ்ளோ தூரம்னு கேட்டா அரை மணி நேரம்னுதானே டீச்சர் சொல்றோம்? அதே மாதிரிதான். ஒளி ஒரு வருஷம் ஓடற தூரம்." நட்சத்திரம் பற்றி எழுதும்போது மட்டும் எச்சரிக்கை செய்தீர்கள். "நாம பாக்கறதெல்லாம் செத்துப்போன நட்சத்திரம்னு கவிதை எழுதிடாதீங்க. கண்ணுக்குத் தெரியறது அநேகமா எல்லாமே இன்னும் இருக்கு."

உங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருநாள் கேட்டேன். உங்கள் அம்மா நடவுக்குப் போய்ப் படிக்கவைத்ததையும், தமிழில் படித்து முதல் மார்க் வாங்கிய நீங்கள், எல்லாம் இங்கிலீஷில் நடத்திய கல்லூரியில் ஒரு வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னீர்கள். "எனக்குத் தெரிஞ்சதைத்தான் நடத்துறாங்கன்னு எனக்கே தெரியல டீச்சர். நான் பாட்டுக்கு மனப்பாடம் பண்ணியிருந்தது வெறும் சொல்லு." சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னீர்கள்.

பிறகு நான் செய்த காரியம்.

நகல் எடுக்கக் கொடுப்பதற்கு முதல் நாள், உங்களைக் கேட்காமல் ஒரு விளக்கத்தை மாற்றினேன். எடையின்மைக்கு நீங்கள் எழுதியிருந்தது கரடுமுரடாக இருப்பதாகத் தோன்றியது. அதை அடித்துவிட்டு, 'பூமியின் பிடி எட்டாத வெளியில் மனிதன் பஞ்சாய் மிதக்கிறான். அதுவே எடையின்மை' என்று எழுதினேன். நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போன அன்று, ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தபடி வந்து என் முன்னால் நின்றீர்கள்.

"இதை யார் எழுதுனது?"

"நான்தான்."

"தமிழ் அழகா இருக்கு டீச்சர். ஆனா பொய். அங்கயும் ஈர்ப்பு நிறையவே இருக்கு. விண்கப்பலும் உள்ள இருக்கறவங்களும் சேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்காங்க, பூமியைச் சுத்தி. அதனாலதான் மிதக்கறாங்க. இந்த ஒரு வரியை நம்பி எத்தனை பிள்ளைங்க தப்பா எழுதும்?"

பொய் என்ற சொல் மட்டும் காதில் நின்றது. பிரதிகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றிலும் அந்த வரியை அடித்து உங்கள் கையாலேயே திருத்தினீர்கள். நான்கு நாள் மதியம் சாப்பிடாமல் அதைச் செய்தீர்கள். எதிர் மேசையில் உட்கார்ந்து நான் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

அதன்பின் ஒன்றரை வருடம் ஒரே பஸ்ஸில் நீங்கள் முன்னால் ஏறினீர்கள், நான் பின்னால் ஏறினேன். "வரேன் டீச்சர்", "சரிங்க டீச்சர்". அவ்வளவுதான் பேச்சு.

நீங்கள் நீண்ட விடுப்பில் போனதும் காரணத்தைத் தலைமையாசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி என்றார்கள். இந்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று மூன்று ஞாயிறு கடத்தினேன். நான்காவது வாரம் நீங்களே போன் செய்தீர்கள்.

"டீச்சர், ஒரு சொல் பாக்கி இருக்கு. வர முடியுமா?"

வந்தேன். கழுத்தெலும்பு தெரியக் கிடந்தீர்கள். நலம் விசாரிக்கத் தெரியாமல், "அன்னைக்கு நான் உங்களோட உக்காந்து திருத்தியிருக்கணும்" என்றேன்.

"திருத்தியிருக்கணும்தான்" என்றீர்கள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலையணையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். பிறகு, "எழுதிக்கங்க. என்னோடது சரி, ஆனா வாசிக்க முடியல. உங்களோடது வாசிக்க முடியுது, ஆனா தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்" என்றீர்கள்.

பையில் தாள் இல்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நீங்கள் ஒரு வரி சொல்ல, நான் மாற்ற, நீங்கள் கூடாது என்று தலையசைக்க, இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, "தரை இருந்து தாங்குனாத்தான் டீச்சர், நமக்கு எடை இருக்கறதே தெரியும். நான் கால் ஊனி நின்னு இருபது நாளாச்சு" என்றீர்கள். கடைசியில் இப்படி முடிந்தது: 'நம்மைத் தாங்கும் ஒன்று இல்லாமல் விழும்போது நம் எடையை நாம் உணராதிருக்கும் நிலை. ஈர்ப்பு அப்போதும் இருக்கிறது.'

"இது சரி" என்றீர்கள். பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது.

இப்போது உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை, நன்றாக நடத்துகிறார். ஆனால் தஞ்சாவூரிலிருந்து வருகிறார், வேறு பஸ். வலங்கைமானில் உட்கார்ந்தால் குடவாசல்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போகிறேன். நடவு முடிந்த வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது. அரை மணி நேரம் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. கட்டுரை நோட்டு திருத்தும்போது, அழகான வரி கண்ணில் பட்டால் முன்பு பக்கத்தில் 'நன்று' என்று போடுவேன். இப்போது, இது உண்மையா என்று ஒருகணம் பேனாவை நிறுத்துகிறேன். பிள்ளைகளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண், 'இரவில் மட்டுமே வரும் நிலவு' என்று எழுதியிருந்தாள். தேய்பிறை. காலை ஒன்பதரை மணி. வகுப்பையே வெளியே கூட்டிப்போய், மேற்கே தென்னைகளுக்கு மேல் வெளுத்து நின்ற நிலவைக் காட்டினேன். எல்லோரும் கத்தினார்கள். அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை. "டீச்சர், பகல்ல ஏன் தெரியுது?" என்று கேட்டாள்.

முன்பென்றால், இயற்பியல் டீச்சரைப் போய்க் கேளு என்று உங்களிடம் அனுப்பியிருப்பேன். "எனக்குத் தெரியலம்மா. படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று மாலை முழுக்கப் படித்து, விளக்கத்தை ஒரு தாளில் எழுதிவைத்தேன். மறுநாள் சொன்னேன்: நிலவு பாதி நேரம் பகலிலும் வானத்தில்தான் இருக்கிறது, வெயில் பட்டு, வானத்தின் நீலத்தைவிடச் சற்றுப் பளிச்சென்று இருப்பதால் தெரிகிறது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன், டீச்சர். எழுதிய தாளை யார் முன்னால் நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.