சபீரா மடிக்கிற மூலை

ஜூன் 11, புதன்

காலையிலயே வெயில் தாங்கல. கடல் காத்து பதினோரு மணிக்குத்தான் எட்டிப் பாத்துது. தெருவுல கன்டெய்னர் லாரி வரிசை, கடைக்குள்ள தூசி.

பக்ரீத் தையலும் ஸ்கூல் யூனிஃபார்மும் ஒருவழியா முடிஞ்சுது. இன்னிக்கு வேலை: வெட்டுத்துணி மூட்டையப் பிரிச்சு அடுக்கறது. நானும் சபீராவும். தண்டையார்பேட்டையில இந்த ஒரே ரூமுல ரெண்டு மிஷின் போட்டு பதினோரு வருஷம் ஆவுது.

ச. ரெண்டு மாசமா மிச்சத் துணியில கை துடைக்கிற நாப்கின் தைக்கிறா. சதுரமா வெட்டி நாலு பக்கமும் மடிச்சு. மூலைதான் விஷயம். அவ மடிச்சா தபால் கவர் மாதிரி சாய்வா, தட்டையா உக்காருது. நான் மடிச்சா கொழுக்கட்டை. அவ டீ வாங்கப் போனப்போ நாலு தரம் செஞ்சு பாத்தேன். நாலையும் மூட்டைக்கு அடியில தள்ளிட்டேன்.

வர்றவங்க எல்லாம் அதையே தொட்டுப் பாக்கறாங்க. பக்கத்துலயே நான் தச்ச பிளவுஸ் தொங்குது.

வாங்க: கறுப்பு நூல், ஹூக், மிஷின் எண்ணெய், தீபாவுக்கு வாளி.

ஜூன் 12, வியாழன்

என் பொண்ணு தீபா சனிக்கிழமை ஓசூர் போறா. முதல் வேலை, ஹாஸ்டல். டிபன் பாக்ஸோட வெச்சுக்க நாப்கின் வேணுமாம். நான் வெட்ட உக்காந்தேன்.

"வேணாம்மா. சபீரா ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டேன். ஆறு."

"ஏன், நான் தைக்க மாட்டேனா?"

"நீ நல்லாதான் தைப்ப. இது ஆன்ட்டி தச்சா நல்லா கீதும்மா."

சாதாரணமாத்தான் சொன்னா, போனைப் பாத்துகினே.

ஆறும் நான் தச்ச சுடிதாருங்களோட மிச்சம். மஞ்சப் பூ போட்டது, தீபா காலேஜுக்கு முதல் நாள் போட்டுகினு போனது. என் துணி. என் பொண்ணு. பேரு அவளுக்கு.

சாயங்காலம் ராயபுரம் ரூபி டீச்சர் வந்தாங்க. ரிடயர் ஆயிட்டாங்க, ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில பிரியாணி விருந்து. தீபாவுக்குத் தச்சு வெச்ச ஆறையும் புரட்டிப் பாத்துட்டு ச.கிட்ட, "பேப்பர்னா கையில ஒட்டிக்கினு கலீஜா இருக்கும்மா. இதே மாதிரி இருபது, ஒரே கலர்ல குடு."

என் பக்கம் திரும்பவே இல்ல. ஒன்பது வருஷமா அவங்க பிளவுஸ் தைக்கிறது நான்.

ஜூன் 13, வெள்ளி

எழுத வேணாம்னு நெனச்சேன். எழுதறேன்.

ஒரே கலர்ல இருபதுக்கு வர்ற துணி மெரூன் ஒண்ணுதான். போன மாசம் ஒரு அம்மா ரெண்டு பாவாடைக்குக் குடுத்தது. முதல் பாவாடை சாயம் போயி புடவையே பாழ்னு வந்து நின்னாங்க. மீதித் துணிய வேணவே வேணாம்னு விட்டுட்டுப் போனாங்க. ச. அன்னிக்கு லீவு. அவளுக்கு இது தெரியாது.

இன்னிக்கு அந்தத் துணிய விரல்ல தேச்சுப் பாத்தா. "கஸ்தூரி, இது சாயம் போவுமா? துவைச்சுக் காய வெக்க டைம் இல்ல."

"போவாது."

அதுக்கப்புறம் நாள் பூரா நேரம் இருந்துது. வாயத் திறக்கல. அவ முணுமுணுன்னு பாடிகினே இருபதுக்கும் மூலை மடிச்சா. எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டும் நிக்கல.

ஜூன் 14, சனி

தீபாவ பஸ் ஏத்தியாச்சு. பையில நாப்கின் மேலாக்க, என் முறுக்கு டப்பா அடியில. ச.வும் வந்தா. தீபா அவளைக் கட்டிப் பிடிச்சுகினு நின்ன நேரம் என்னைவிட ஜாஸ்தி. அதை நான் கவனிச்சுகினு நின்னேன் பாரு. கேவலம்.

நாப்கின் கட்டு டீச்சர் வூட்டுக்குப் போயிடுச்சு. டீச்சர் நம்பர் என் போன்ல கீது. சாயம் போவும்னு காலையில சொல்லிக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

நேத்து போன் பண்ணல. ஒண்ணும் எழுதவும் இல்ல.

டீச்சர் பத்து மணிக்கு ஆட்டோவுல வந்தாங்க. நாப்கினையெல்லாம் டேபிள்ல கொட்டினாங்க. விருந்துல கை கழுவிட்டு வந்தவங்க துடைச்சதும் கையெல்லாம் சிவப்பு, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. பழைய மாணவருங்க சேர்ந்து வாங்கிக் குடுத்த சந்தனக் கலர் பட்டுப்புடவை, மடியில உள்ளங்கை அகலத்துக்குக் கறை. டீச்சர் சத்தம் போடல. அழுதாங்க.

"ஒரு தரம்தான் கட்டினேன் சபீரா."

ச. என்னைத் திரும்பிப் பாத்தா. பாத்துகினே இருந்தா. அப்புறம் அவங்க பக்கம் திரும்பி, "என் தப்பு டீச்சர். துவைச்சுப் பாக்காம தச்சுட்டேன்."

நான் குனிஞ்சு ஹூக் வெச்சுகினு இருந்தேன். ஒரே ஹூக்கை மூணு தரம்.

நல்லவளா இருக்கறதுலயும் அவதான் முந்திக்கிறா. அதுக்கும் வயிறு எரிஞ்சுது. இதைப் போயி யார்கிட்ட சொல்ல.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிட்டேன். மதியம் சாப்பிடும்போது.

"அது சாயம் போவும்னு எனக்குத் தெரியும்."

ச. கையில சோறு. "இன்னாத்துக்குப் போவாதுன்னு சொன்னே?"

"உன் மூலை எனக்கு வரல. தீபா உன்கிட்ட கேட்டா. டீச்சரும் உன்கிட்டதான் கேட்டாங்க."

டப்பாவ மூடினா. கை கழுவினா. "பதினோரு வருஷமா நீ வெட்டற பிளவுஸ் கழுத்தைப் பாத்து எனக்கு எரியாத நாள் இல்ல கஸ்தூரி. உன்னுது மாதிரி ஒரு கழுத்து எனக்கு வந்ததில்ல. வூட்டுல போயி அழுதுகீறேன். உன் துணி மேல ஒரு நாள் கை வெச்சேனா?"

அவளுக்கு என் மேல பொறாமைன்னு இன்னிக்குத்தான் தெரியும். அந்த நேரத்துலயும் அதைக் கேக்க ஒரு சந்தோஷம் இருந்துது. மறைக்க மாட்டேன்.

ஆறு மணி வரைக்கும் தச்சா. போகும்போது அவகிட்ட இருந்த கடைச் சாவிய என் டேபிள்ல வெச்சுட்டுப் போயிட்டா.

ஜூன் 18, புதன்

ச. வரல. கடையப் பூட்டிட்டு ராயபுரம் போனேன். வாசல்ல நின்னுகினே எல்லாத்தையும் சொன்னேன்.

"நீயா கஸ்தூரி." டீச்சர் அவ்ளோதான் சொன்னாங்க. உள்ள கூப்பிடல.

யானைக்கவுனியில சாயக்காரர் ஒருத்தர் இருக்காரு, புடவையக் குடுங்கன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சு எடுத்துகினு வந்தாங்க.

ஜூன் 20, வெள்ளி

தூறல். சாயக்காரர் சொன்னது: கறை முழுசா எடுக்க வராது. வேணும்னா புடவையவே கரு நீலத்துல முக்கித் தரலாம். டீச்சருக்கு போன் போட்டுக் கேட்டேன். "செய்"னு போனை வெச்சுட்டாங்க.

பதினோரு மணிக்கு ச. வந்தா. கூட லோடு ஆட்டோ. மிஷினை எடுத்துகினு போயி வண்ணாரப்பேட்டை வூட்டுலயே போட்டுக்கப் போறா. நான் ஒரு பக்கம் பிடிச்சேன். வேணாம்னு சொல்லல. வெட்டுத்துணியில பாதிய எடுத்துக்கச் சொன்னேன், எடுத்துக்கல.

வண்டி கிளம்பும்போது சொன்னா, "தீபா நேத்து போன் பண்ணிச்சு. சாப்பாடு பரவாயில்லையாம். ரூம்ல கூட தங்கறவ ஆந்திராப் பொண்ணாம். நான் உன்னப் பத்தி அதுகிட்ட எதுவும் சொல்லிக்கல."

சரின்னு தலையாட்டினேன்.

சாப்பாடு எப்படி, கூட யாருன்னு எனக்கு இப்பதான் தெரியும்.