ஒரு ஜோடிக் குணுக்கு

அன்புள்ள நிமி அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். வருகிறேன். சீட்டுக்கட்டும் கொண்டுவருகிறேன்.

போன ஈஸ்டரன்று உங்கள் வீட்டு முற்றத்தில் இருபத்தெட்டு சீட்டாட்டம் ஆடினோம். நானும் என் அப்பாவும் ஒரு ஜோடி. நீங்களும் அடுத்த லயத்து ஜோமோளும் ஒரு ஜோடி. ஆட்டத்திலேயே பெரிய சீட்டான ஜாக்கியெல்லாம் உங்கள் கைக்கே வந்தது. தோற்றுப்போன அப்பாவின் காதில், ஆட்ட வழக்கப்படி, பலா இலைக் குணுக்கை நீங்களே மாட்டி, "மாமா, கம்மல் எடுப்பா இருக்கு" என்றீர்கள். லயமே சிரித்தது. அதன்பின் அப்பா சீட்டைத் தொடவில்லை.

படியில் உட்கார்ந்து நிமி எடுத்த வீடியோவைப் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மேசைக்கு அடியில் ஜோமோள் உங்களுக்கு ஜாக்கியைத் தருகிறாள். சீட்டு கைமாறிய பிறகும் அவள் கை உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

இங்கே என் அப்பா வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து, போனில் சீட்டு வித்தை பார்த்துக் கண்ணாடி முன் பழகுகிறேன். முதலில் சீட்டெல்லாம் சிதறி விழுந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல் அல்லவா, படிந்துவிட்டது. இப்போது ஜாக்கி என் உள்ளங்கைக்குள் ஒளியும், நான் நினைத்தபோது கட்டின் மேலே வரும். நேற்று அப்பாவே, "ஏட்டி, இப்பத்தானே கையில இருந்துச்சு, எங்க போச்சு?" என்று அசந்துபோனார்.

இந்த முறை சீட்டைக் கலைத்துப் போடுவது நான். உங்கள் சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்கட்டும். நீங்களும் அவளுமே ஒரு ஜோடியாக உட்காருங்கள். தோற்றதும் ஒரு குணுக்கை உங்கள் காதிலும், மற்றதை அவள் காதிலும் என் கையாலேயே மாட்டுவேன். யாருக்கு யார் ஜோடி என்று எல்லாரும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இனி நிமிக்கு அம்மா மட்டும்