கவின் வீட்டு நண்டுக் கறி

பெப்ரவரி 12, வியாழன்

எங்கட யூனிவர்சிட்டி கூடைப்பந்து அணியிலை பந்தைக் கொண்டுபோற கார்ட் ரெண்டு பேரும் போன மாசம் வேற யூனிக்கு மாறிவிட்டினம். கோச்சான நான் பதிலுக்கு மெல்பனிலை இருந்து ரெண்டு பேரை எடுத்திட்டன். மூண்டு வருஷமா விளையாடாமல் கரையிலை வாங்கிலை குந்தி மட்ச் பாத்த கவினுக்கு இனியும் வாங்குதான். ஈமெயிலிலை சொல்லுறது மரியாதை இல்லையெண்டு மெரிலேண்ட்ஸிலை அவன்ரை வீட்டுக்கே போனன். அதுதான் பிழை.

அவன்ரை அம்மா கதிரையை இழுத்துப் போட்டா. "நாளைக்கு வெள்ளி, மரக்கறி. அதாலை இண்டைக்கே நண்டு வைச்சனான். சாப்பிடுங்கோ தம்பி." மூண்டாந்தரம் கறி போடேக்கை கேட்டா: "அந்த ரெண்டு பேரும் போயிட்டினமாம். இனி இவன்தானே முழு மட்ச்சும் விளையாடுவான்?"

"ஓம் அன்ரி" எண்டு சொல்லிப்போட்டன். கவின் தலை நிமிரவேயில்லை.

மிச்சக் கறியைப் பார்சல் கட்டிக் காரடிக்குக் கொண்டுவந்து தந்தான். "ஐ நோ, கோச். புதுசா வந்த ரெண்டு பேரையும் லிட்கம் ஸ்டேஷனிலை போய் ஏத்தினது நான்தானே. அம்மாவுக்கு மட்டும் நீங்களே சொல்லுங்கோ."

பார்சல் பிரிட்ஜுக்குள்ளை இருக்கு. நாளைக்கு வெள்ளி, அதைத் தொட ஏலாது. போனைத் தொடலாம்.