மன்ஸூர் சொல்லும் மணப்பெண்

2023 மே 6, சனி

இன்று பதினொரு பேர். ராஜ்மா போதவில்லை, பக்கத்து வீட்டு பர்வேஸாவிடம் ஒரு சட்டி வாங்கிச் சமாளித்தேன். வந்தவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்து, ஓட்டை.

பின்னறைச் சுவரில் மூன்று வருஷத்துக்கு முன் எல்லைச் சண்டையில் குண்டு போட்ட ஓட்டை. ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். அதன் வழியே ஆறும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான்காரர்களின் வீடுகளும் தெரியும். ஒவ்வொருவராக அதில் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பூசுவதற்காக வாங்கிய சிமெண்ட் மூட்டை தாழ்வாரத்தில் கல்லாகிக் கிடக்கிறது. “பூசிட்டா அப்புறம் எதைக் காட்டறது குல்நாஸ்?” என்கிறார் என் கணவர் மன்ஸூர். இவர்தான் இந்த விருந்தினர் விடுதிக்கு முதலாளி. நான் மற்றதெல்லாம்.

மே 14

வீட்டுக்குப் புதிதாக ஒரு மணப்பெண் வந்திருக்கிறாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பின்னறையில் இவர் குரல். எனக்கு இடது காது கேட்காது. வலது காதைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“கல்யாணத்துக்கு மூணே நாள். கையில மருதாணி வச்சுக்கிட்டு இங்கதான் உக்காந்திருந்தா. குண்டு விழுந்ததும் நான் ஓடியாந்தேன். தூக்கினேன். என் கையிலயே போயிட்டா.”

ஒரு அம்மாள் விம்மி விம்மி அழுதாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. யார் பெற்ற பெண்ணோ.

அன்று செத்தது கொட்டிலில் நின்ற எங்கள் பசு. அறையில் இருந்தது நான். கையில் மருதாணி இல்லை, மாவுதான்.

மே 15

காலையில் கேட்டேன். “யாருங்க அந்தப் பொண்ணு?”

“சும்மா... மாடு செத்துச்சுன்னு சொன்னா யாரு கேக்கறா?”

“நான் இருந்தேனே. அதைச் சொல்லலாமே.”

ஆட்டுக்குத் தழை போடணும் என்று எழுந்து போய்விட்டார். ஆடு அப்போதுதான் தின்று முடித்துப் படுத்திருந்தது.

மே 28

எதிர்க்கரையிலும் விடுதிகள் முளைத்துவிட்டன. எங்கள் விருந்தினர் அவர்களைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் விருந்தினர் எங்களைப் பார்க்க வருகிறார்கள். இரண்டு கூட்டமும் கையசைத்துக்கொள்கின்றன. அமைதி வந்துவிட்டது என்று இங்கே ஒருவர் கண்ணைத் துடைத்தார். அந்தக் கரையில் ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நானும்தான். எங்கள் இருவருக்கும் கை ஒழியவில்லை.

ஜூன் 11

ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவள், அடுப்படிக்கே வந்துவிட்டாள். “ஆன்ட்டி, அந்தக் கல்யாணப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எப்படி இருப்பாங்க?”

“கொஞ்சம் பிடிவாதக்காரி. சாகமாட்டேன்னு கிடந்தா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் பர்வேஸா. “ஏண்டி, இவ்வளவு நெருங்கின சொந்தம், கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே நீ!” அவளுக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கும் சிரிப்புதான் வந்தது, அவள் போகிறவரை.

ஜூன் 12

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

அன்று பகல் மூன்று மணி இருக்கும். முதல் குண்டு மேட்டில் விழுந்தது. இவர் எங்கள் மகள் ஸோஃபியாவைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினார். அப்போது அவளுக்குப் பத்து வயசு. இருநூறு அடி இருக்குமா? நான் பின்னாடியே வருகிறேன் என்று நினைத்தாராம். ரெண்டாவது குண்டு எனக்கு. ஒண்ணேகால் மணி நேரம் கிடந்தேன் — தூசி, பசுவோட முனகல், அப்புறம் அதுவும் இல்ல. யாராச்சும் வருவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். யாரும் வரல. குண்டு நின்ன பிறகுதான் வந்தாங்க.

வந்திருந்தால் செத்திருப்பார். ஸோஃபியாவை யாரிடம் விடுவது? எனக்குப் புரியாதா? ஒரு தடவைகூடக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் தப்போ?

கதையில் எவ்வளவு வேகமாக ஓடி வருகிறார் மனுஷன்!

ஜூலை 9

மாவட்டத்திலிருந்து சுற்றுலா அலுவலர் வந்தார். எல்லையோர அமைதிச் சுற்றுலாவுக்காக நம் வீட்டில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்போகிறார்களாம். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். “அந்தப் பொண்ணு பேரு?”

இவர் அவளுக்குப் பேரே வைத்திருக்கவில்லை. தேநீர்த் தட்டோடு நின்றிருந்த நான் சொன்னேன். “குல்நாஸ்.”

“உங்க பேரு என்னம்மா?”

“அதேதாங்க.”

“அடடா. ரெண்டு குல்நாஸா?”

“ஒண்ணுதான் மிச்சங்க.”

அவர் பரிவோடு தலையாட்டி எழுதிக்கொண்டார். இவர் தேநீரைத் தொடவே இல்லை.

ஜூலை 10

பேச்சில்லை. நானும் பேசவில்லை.

ஆகஸ்ட் 3

பலகை வந்துவிட்டது. நல்ல தேவதாரு. ஸோஃபியா எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல இழுத்து இழுத்துப் படித்தாள். ‘திருமணக் கனவுகளுடன் இங்கே உயிர்நீத்த குல்நாஸின் நினைவாக.’

“அம்மா, இதுல நீ செத்துட்டே!”

சிரித்தாள். நானும் சிரித்தேன். இவர் ஆணியும் சுத்தியுமாக நின்றார். ஸோஃபியாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“அப்பா, அன்னிக்கு நான் அம்மா அம்மான்னு கத்தினேன். நீ என் வாயைப் பொத்திக்கிட்டே இருந்தே. எனக்கு ஞாபகம் இருக்கு.”

எனக்கு இது தெரியாது. மூன்று வருஷமாக இருவரும் சொன்னதில்லை.

சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டில் பக்கம் போனார்.

ஆகஸ்ட் 4

மழை. பலகை இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை.

ஆகஸ்ட் 20

ஏழு பேர். ஓட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார், இங்கே ஒரு மணப்பெண் இறந்தாளாமே என்று. கதை எங்கெங்கோ போயிருக்கிறது.

நான் கல்லில் ரொட்டியைப் போட்டுவிட்டு வலது காதைத் திருப்பினேன்.

“அப்படி யாரும் இல்லைங்க. செத்தது எங்க பசு. இங்க இருந்தது என் சம்சாரம். நான் பதுங்குகுழியில இருந்தேன். ஒண்ணேகால் மணி நேரம்... வரலை.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். “அவங்க இப்ப...?”

“உள்ள ரொட்டி போட்டுக்கிட்டிருக்கா. இடது பக்கம் நின்னு கூப்பிட்டா கேக்காது.”

ஒருவரும் அழவில்லை. ஒருவர் பசு எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்டார். படமும் வழக்கத்தைவிடக் குறைவுதான்.

அடுப்பில் இரண்டு ரொட்டி கருகிவிட்டது. அதை இவர் தட்டில் வைத்தேன். இரண்டையும் தின்றார்.