நைனா விழுங்கிய வரி

காஞ்சிபுரம்
12-8-73

அன்புள்ள சபாபதிக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானம் ஒன்றைத் தவிர. அதை வாங்கியது உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்தான்.

போன வாரம் உன் கவர் வந்தது, மேலே உன் தங்கை சம்பூர்ணம் பெயர். கண் தெரியாத பெண்ணுக்கு வரும் கடிதத்தை நான்தானே பிரிக்க வேண்டும், பிரித்தேன். உள்ளே ஒரு சொட்டு மசி இல்லை, தடிக் காகிதம் முழுக்க வேர்க்குரு மாதிரிப் புள்ளி புள்ளியாகப் புடைத்திருந்தது. பையன் ஏதோ பார்டர் டிசைன் அனுப்பியிருக்கிறான் என்று, ஜக்கார்டு தறிக்கு அட்டையில் ஓட்டை போடுகிற நம் அஹமது பாஷாவிடம் ஓடினேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இன்னாண்ணே இது, ஒரு ஓட்டைகூட இல்ல, இத்த வெச்சி நெஞ்சா பொடவைக்கே அம்மை போட்ட மாரி இருக்கும் என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, தபாலில் கசங்கிவிட்டது பாவம் என்று இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுவிட்டாள். நல்லவேளை, அதற்குள் சம்பூர்ணத்தின் கை காகிதத்தில் பட்டது. பள்ளியில் படித்த புள்ளி எழுத்தாம், நீ டைப் அடிக்க கம்ப்யூட்டரே புள்ளியாக மாற்றி அச்சடித்ததாம். விரல் ஓட ஓட அவள் சிரிக்கிறாள், நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இன்னாம்மா எழுதியிருக்கான் என்றால், நீ கொஞ்சம் இருப்பா என்கிறாள்.

திடீரென்று சிரிப்பு நின்றது. பட்டணத்தில் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி தருவதாக அண்ணன் சித்திரையிலேயே எழுதிச்சாமே, நீ ஏன் படிக்கல என்றாள். கண்ணாடி சரியில்லை என்றேன். அதே கடுதாசியில அண்ணன் வத்தக்குழம்பைத் தீய வெச்ச கதைய ரெண்டு தபா படிச்சியே, கண்ணாடி கொழம்புக்கு மட்டும் வேலை செஞ்சுதா என்றாள். பொய் சொல்வானேன், அந்த வரியை விழுங்கியவன் நான்தான். பக்கத்தில் இருக்கிற செவிலிமேடு போகவே நான் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன், பட்டணத்தில் யார் பிடிப்பார்கள் என்ற பயம். அதைச் சொன்னதும், ரோட்டைத் தாண்டும்போது நீ பராக்கு பார்த்துக்கினு வர, லாரி சத்தம் கேட்டு உன்னை இஸ்துக்கினு நிக்கிறது நானு, யார் கைய யாருப்பா புடிக்கிறது என்று கேட்டாள். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வருகிற 20-ந் தேதி திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். திரும்பும்போது நான் தனி. பட்டணத்து ரோட்டை எப்படித் தாண்டுவேனோ, கம்ப்யூட்டரிடம் கேட்டு எழுது.

காமாட்சி உனக்கும் அந்த இயந்திரத்துக்கும் நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. கடைசி நாலு வரியில் என்ன எழுதினாய் என்று மறக்காமல் மசியில் எழுது, கேட்டால் சிரிக்கிறாளே தவிர சொல்ல மாட்டேன் என்கிறாள்.

உன் நைனா,
வேலாயுதம்

இந்தக் கடுதாசியை உன் நைனா சம்பூர்ணத்துக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். கூட உட்கார்ந்து சரிபார்த்தது: அஹமது பாஷா.