அறுநூற்றில் ஒன்று குறைவு

ஒரூரோ,
22 நவம்பர் 2012

பேரன்புள்ள தெல்ஃபினா அக்காவுக்கு,

பல தேசங்களின் நாடாம் பொலிவியாவில் வாழும் சகல தேசத்தாருக்கும், குறிப்பாக உனக்கும், இதனால் அறிவிப்பது: உன் தம்பியின் மேலுதட்டில் ஏழு மயிர் முளைத்துவிட்டது. அதில் ஒன்று இன்னும் தயங்குகிறது.

அடுத்தது சின்னச் சேதி. நேற்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நகரமே வீட்டுக்குள் அடைந்து கிடக்க, தெருவில் நாய்களும் கணக்கெடுக்கப் போன எங்கள் வகுப்பும்தான். நானும் ரொனால்டும் பதினெட்டு வீடு போனோம். அவன் தலைகளை எண்ணினான். நான் எண்ணாமல் பேசினேன். ஒரு வீட்டில் நம் ஊரூ இனத்து அம்மா, மீன் விற்பவர். "எந்த இன மக்கள்?" என்றதும் வாயே திறக்கவில்லை. "எதுக்கும்மா வெக்கம்? ஊரூன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுங்க!" என்றேன். சொல்லிவிட்டார்! நம் இனத்துக்கு ஓர் ஆள் கூடுதல். உபயம்: உன் தம்பி.

ஏழு மயிர் வீரன்,
வில்மர்

ஏரிக்கரை,
2 டிசம்பர்

அடேய் வில்மர்,

மீசைச் சேதியை அப்பாவிடம் சொன்னேன். "எண்ணி முடிக்கறதுக்குள்ள கொட்டிடப் போவுது" என்றார். வலை காலியாக வந்த நாளில் அவர் சிரித்ததே அதிசயம்.

உன் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். நம் கரைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தே அறுநூறு பேர்தான். போன கணக்கெடுப்பில் நகரத்துக்குப் போனவர்கள் இனத்தைச் சொல்லாமல் விட்டார்கள். "நீங்க எத்தன பேருன்னே தெரியலையே" என்று, ஏரிக்குத் தண்ணீர் விடக் கேட்ட மனுவை அதிகாரி திருப்பி அனுப்பினாரே, மறந்துவிட்டாயா? "வில்மரக் கூப்புடு, மத்தப் பசங்ககிட்ட அவன் பேசட்டும்" என்கிறார் தலைவர். ஞாயிறு வந்துவிடு. வாத்து முட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
தெல்ஃபினா

ஒரூரோ,
6 டிசம்பர்

அக்கா,

ஞாயிறு வரமாட்டேன். முட்டையை அப்பாவுக்குக் கொடு.

அந்த மீன்கார அம்மா தயங்கவே இல்லை. நான் கேட்குமுன்பே "ஊரூ. எழுதிக்கோ" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீயும் நம்ம புள்ளதானே?" என்றார். பக்கத்தில் ரொனால்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் நாத்தம்டா" என்று கிசுகிசுத்தான்.

"இல்லம்மா" என்றேன்.

அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் என் அறையில் என் படிவத்தை ரொனால்டுதான் நிரப்பினான். "எந்த மக்கள்?" என்று கேட்டான். "எதுவும் இல்ல, போட்டுக்கோ" என்றேன். மறுநாள் விடியுமுன் அலுவலகத்துக்கு ஓடிப்போய், திருத்தணும் என்று கேட்டேன்; படிவக் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்கப்புறம்தான் உனக்கு அந்த வீரக் கடிதத்தை எழுதினேன்.

வரமாட்டேன் என்று மேலே எழுதிவிட்டேன். வருகிறேன். நடந்ததைக் கூட்டத்தில் நானே சொல்கிறேன். அப்பாவை மட்டும் முன்வரிசையில் உட்கார விடாதே.

வில்மர்