எதிர்க்கடைக்குப் போணி

திண்டிவனம்,
பங்குனி மாதம்.

தம்பி தேவாவுக்கு, எதிர்க்கடை பெரியதம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கிருஷ்ணவேணியும் நலம். குவைத்தில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மனைவி அன்புச்செல்வி இந்த மல்லாட்டை அறுவடை சீசன் முழுவதும் தன் கடையோடு என் கடையையும் திறந்து வியாபாரம் பார்த்தாள். அதற்குக் கூலி வாங்கவில்லை. இதை உன்னிடம் சொன்ன ஆள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன். போனில் ஆரம்பித்தால் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் உங்கள் ஒலக்கூர் ஆள் ஒருவர் அங்கே திரும்பும்போது இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாசியில் விக்கிரவாண்டியில் சாக்கு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து எனக்கு இடுப்பெலும்பு ஒடிந்தது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். சாக்கும் தார்ப்பாயும் விற்கிறவனுக்கு அறுவடை நேரம்தான் வருஷம். குடோன் நிறைய சரக்கு, கடையோ மூடிக் கிடக்கிறது. எதிரே அதே சரக்கை வைத்துக்கொண்டு உன் மனைவி. எல்லாக் கூட்டமும் இனி அங்கேதான் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நாலாம் நாள் அவளே பஸ் ஏறி வந்து கட்டில் பக்கத்தில் நின்று கடைச் சாவியைக் கேட்டாள். சரக்கு எங்கே எடுக்கிறேன், என்ன விலைக்கு எடுக்கிறேன் என்று பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கிருஷ்ணவேணி விடவில்லை. "உனக்கு ஒடிஞ்சது இடுப்பா, மூளையா? இந்த சீசன்ல கடை மூடிக் கெடந்தா அடுத்த சீசனுக்கு எவன்யா வருவான்?" என்று நர்ஸ் காதிலும் விழும்படி கேட்டுவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு மனம் ஆறவில்லை. டெம்போ ஓட்டும் ராஜ்குமாரை அன்புச்செல்விக்குத் தெரியாது. அவள் கடையில் போய் ஒரு தார்ப்பாய் கேட்டுப் பார், என் சரக்கைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கவனி என்று அனுப்பினேன்.

அவன் திரும்பி வந்து சிரித்தான். "இன்னாண்ணே, போட்டிக்குக் கடை போட்டிருக்காங்கன்னு சொன்ன? உன் ஆளு மாதிரியில்ல பேசுது! அவங்க கடையில தார்ப்பாய் தொங்கினுகீது. அத்தக் கேட்டா, 'எதிர்ல வாங்கிக்கோங்க, அந்தக் கடையில இன்னும் போணி ஆவல'ன்னு ரோட்டைத் தாண்டி வந்து உன் கடையிலதான் எடுத்துக் குடுத்துச்சு" என்றான்.

நீ வியாபாரி இல்லை, அதனால் சொல்கிறேன். முதல் விற்பனை நடக்காத கடைக்கு அந்த நாள் விடியவே இல்லை. தன் கடைக்கு வந்த முதல் ஆளை எதிர்க்கடைக்கு அனுப்பியவர்களை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. விசாரித்துப் பார்த்தேன், தினமும் அப்படித்தான் செய்திருக்கிறாள். என் கடைக்குப் போணி ஆன பிறகுதான் தன் கடையில் விற்றிருக்கிறாள். பழஞ்சாக்கைத் தலையில் சுமந்து விற்று மேலே வந்தவன் நான். ஒருவன் பீடி நீட்டினாலும் எதற்கு என்று யோசித்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவளிடம் லாபத்தில் பாதி தருகிறேன் என்றேன். சிரித்தாள். சரி, மொத்த விலைக்குச் சரக்கு எடுக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்றேன். "வேணாண்ணே. வாங்கிக்கினா நான் செஞ்சது வேலையாப் பூடும்" என்றாள். பிறகு ஏனம்மா செய்தாய் என்று கேட்டேன். "நீங்க ஆஸ்பத்திரியில கெடக்கசொல்ல, மூடின ஷட்டரைப் பாத்துக்கினே நான் எப்பிடிண்ணே வியாபாரம் பண்றது?" என்றாள். அவ்வளவுதான் காரணம். திருப்பித் திருப்பிக் கேட்டும் வேறு எதுவும் வரவில்லை.

கடையை மூடிவிட்டு ஒலக்கூரில் உன் அம்மா வீட்டுக்குப் போகும்படி நீ சொன்னதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. தார்ப்பாய்களை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணிதான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினாள். உன்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. "அவரு வெயில்ல நின்னு சம்பாரிச்ச காசு அண்ணி, அவருக்குக் கோவம் வரத்தான செய்யும்" என்றாளாம். என்னிடம் வந்து, "இந்தச் சரக்கு உங்களுக்கு ஒதவும், எடுத்துக்குங்கண்ணே" என்றாள். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது நல்ல சரக்கு, மலிவாகக் கிடைக்கும் என்றுதான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கடையை அவள் எவ்வளவு ஆசையாய்ப் போட்டாள் என்பது எனக்குத் தெரியும். பெயர்ப்பலகை மாட்டிய அன்று நடு ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ்காரன் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

உன் கோபம் நியாயம், தம்பி. உன் பணத்தில் போட்ட கடை. இந்த சீசனில் உனக்கு நஷ்டம், எனக்கு லாபம். ஆனால் அந்தக் கடையை மூடாதே. அவளைத் திட்டியும் பேசாதே. சாப்பிட்டாயா என்று கேள், கடை எப்படிப் போகிறது என்று கேள், போதும். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். உன் சாமியிடம் நீ கேட்டுக்கொள், எங்கள் சாமியிடம் கிருஷ்ணவேணி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. கடை காலியாகப்போகிறது என்று தெரிந்ததும் கட்டடச் சொந்தக்காரர் நடராசனிடம் ஒரு செல்போன் கடைக்காரர் கூடுதலாக, மாதம் ஐயாயிரம் வாடகை பேசியிருக்கிறார். நேற்று ஊன்றுகோலோடு போய் நடராசனிடம் உட்கார்ந்தேன். இது அவள் செய்ததற்குப் பதில் இல்லை, அதற்குப் பதில் கிடையாது. அவளைப் போல நானும் ஒன்று செய்து பார்க்கிறேன். பழக்கம் இல்லாததால் உன்னிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம். பேசி முடித்தது இதுதான்: ஆவணியில் நீ லீவில் வரும்வரை கடை அன்புச்செல்வி பேரிலேயே இருக்கும். அவளிடம் பழைய வாடகை மூவாயிரத்து ஐந்நூறுதான் வாங்குவார். மேற்கொண்டு மாதம் ஆயிரத்து ஐந்நூறு நான் தருவேன். அதைப் பற்றி நடராசன் வாய் திறக்க மாட்டார்.

இப்படிக்கு,
எதிர்க்கடை பெரியதம்பி